இரண்டாவது விக்கெட் கீப்பர்

ஜனக்புரியில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் மாடி அறையில் கிரிக்கெட் வாக்குவாதம் எழாத மாலை அபூர்வம். ஒருவர் மதுரைக்காரர். ஒருவர் நாகர்கோவில். மூன்றாமவர் டில்லியிலேயே பிறந்து, ஜனக்புரியில் உள்ள டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியிலேயே படித்தவர். தமிழில் சண்டை போட ஆரம்பித்து, கோபம் ஏற ஏற இந்திக்கு மாறிவிடுவார். நான்காவது நான். அரசியலைப் பற்றிக்கூட நாங்கள் ஒத்துப்போவதுண்டு. தினேஷ் கார்த்திக்கா, ரிஷப் பந்த்தா என்ற கேள்வி வந்தால் மட்டும் அடுப்பில் வைத்த தேநீர் பொங்கி வழிந்தாலும் எழுந்து பார்ப்பார் இல்லை.

அந்தக் கேள்வி தீர்ந்து போய்விட்டதென்றே நினைத்திருந்தோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, தமது பிறந்த நாளன்று, கார்த்திக் ஓய்வு பெற்றுவிட்டார் அல்லவா? ஆனால் 2025 ஜூலையில் மாஞ்செஸ்டரில் பந்த்தின் பாதத்தில் பந்து தாக்கி எலும்பு முறிந்தது. அடுத்த பந்தயத்துக்காகக் கோயம்புத்தூர்க்காரரான நாராயண் ஜகதீசனை இங்கிலாந்துக்கு வரவழைத்தார்கள். வரவழைத்தார்களே தவிர, ஓவல் மைதானத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் துருவ் ஜுரெல். “பார்த்தாயா, மறுபடியும் நம் ஆளை உட்கார வைத்துவிட்டான்!” என்று மதுரை நண்பர் தொடங்கினார். அன்றிலிருந்து பழைய கணக்கு முழுவதும் திரும்பத் திறக்கப்பட்டு விட்டது.

இதைக் கேள்வியுற்ற நம் இதழாசிரியர், “நீர்தானே நம் சங்கக் கோஷ்டியின் இரண்டாவது விக்கெட் கீப்பர்? அந்தப் பதவியின் இரகசியத்தை நீரே எழுதும்” என்றார். அதில் இருந்த கேலியைப் பொருட்படுத்தாமல் ஒப்புக்கொண்டேன்.

கிரிக்கெட் கோஷ்டியில் பதினொரு பேர். அவர்களில் பந்து அடிப்பவர்களுக்கு ஐந்தாறு இடங்கள் உண்டு. பந்து வீசுகிறவர்களுக்கு நான்கைந்து. ஒருவர் சோடை போனால் இன்னொருவர் நுழையலாம். ஒருவரும் சோடை போகாவிட்டாலும் மைதானத்தின் தன்மையைக் காட்டி ஒருவரை மாற்றலாம். விக்கெட் கீப்பருக்கு உள்ள இடம் ஒன்றே ஒன்று. அந்த ஓரிடத்தில் இருப்பவர் விரலை முறித்துக்கொள்ள வேண்டும், அல்லது அடியோடு தோற்க வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்குக் கதவு திறக்கும். ஆகவே இரண்டாவது கீப்பர் என்பவர், நேற்று வரையில் தம்மோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட நண்பருக்கு ஏதாவது கெடுதல் நேர்ந்தாலன்றிப் பிழைப்பில்லாத மனிதர். நல்லவராக இருந்தால் அந்த நினைப்பே அவரை வதைக்கும்.

கார்த்திக் கதையை நம் நண்பர்கள் வழக்கமாக நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். முதலிலிருந்து சொல்வோம். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் அவருக்கு முதல் ஒரு நாள் பந்தயம். இங்கிலாந்துக் காப்டன் மைக்கேல் வானை அவர் விழுந்து ஸ்டம்பிங் செய்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில், பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அந்த இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? பார்த்திவ் படேல் என்ற பத்தொன்பது வயதுப் பையனை வெளியே அனுப்பியதால் கிடைத்தது. அந்தப் பையனுக்கோ, 2002-இல் அஜய் ராத்ரா காயமுற்றதால் கிடைத்தது. இந்த இடத்துக்கு யாரும் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்ததில்லை. எழுப்பிவிட்ட நாற்காலிதான்.

கார்த்திக்கின் முதல் டெஸ்ட் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2004 டிசம்பர் 23-ஆம் தேதி, சிட்டகாங்கில் ராஞ்சிக்காரர் ஒருவர் முதன்முதலாக இந்தியாவுக்கு ஒரு நாள் பந்தயம் ஆடினார். ஓர் ஓட்டமும் எடுக்காமல் ரன் அவுட் ஆனார். அடுத்த ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 148 அடித்தார். அந்த டிசம்பரில் அவருக்கு முதல் டெஸ்டும் கிடைத்தது. எங்கே? கார்த்திக்கின் சொந்த ஊரில், சேப்பாக்கத்தில்! இவ்வளவு துல்லியமாக விதி ஒருவரைக் கிள்ளுமா என்று தோன்றுகிறது. மகேந்திர சிங் தோனி அதன்பின் 90 டெஸ்டுகள், 350 ஒரு நாள் பந்தயங்கள் ஆடினார். சென்னைக்காரர்கள் அவரைத் தத்தெடுத்து, ‘தல’ என்று தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். தோனியின் பெயரைக் கேட்டதும் விசில் அடிப்பவர்களும், கார்த்திக்குக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கண் கலங்குபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆசாமிகள்தாம். மதுரை நண்பரிடம் இதைச் சொன்னால், “அது வேறே, இது வேறேடா” என்கிறார். எப்படி வேறு என்று இதுவரை சொன்னதில்லை.

இனி, இரண்டாவது கீப்பர் உயிர் பிழைக்கும் வழி என்ன? கீப்பர் என்ற பெயரையே விட்டுவிடுவதுதான். கார்த்திக் அதைச் செய்தார். 2007-இல் இங்கிலாந்தில் வாசிம் ஜாஃபரோடு தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். மூன்று டெஸ்டுகளில் 263 ஓட்டங்கள். நம்மவர்களில் அவருக்குத்தான் முதலிடம். 1986-க்குப் பிறகு இந்தியா இங்கிலாந்தில் தொடரை வென்றது அப்போதுதான். டெண்டூல்கர், டிராவிட், கங்கூலி மூவரும் ஆடிய கோஷ்டியில், சொந்தத் தொழிலுக்கு இடமில்லாதவர் பிறர் தொழிலைச் செய்து முதலில் நின்றார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில், கிரேம் ஸ்மித் அடித்த பந்தை ஸ்லிப்பில் பறந்து பிடித்தாரே, அதுவும் கையுறை அணியாத கைகளால்தான். ஆனால் பிறர் தொழிலில் ஒரு பருவம் சறுக்கினால், ‘நீ கீப்பர்தானே, உனக்கு இங்கென்ன வேலை?’ என்று கேட்டுவிடுவார்கள். கேட்டார்கள்.

2010 ஜனவரியில் தோனிக்கு முதுகு வலி வந்ததால் சிட்டகாங்கில் ஒரு டெஸ்ட் ஆடினார் கார்த்திக். அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில், பெங்களூரில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. விருத்திமான் சாஹா காயமுற்றதால் வந்தது. இடையில் இந்தியா ஆடிய டெஸ்டுகள் 87. அவ்வளவு காலம் வெளியே நின்று திரும்பிய இந்தியர் அதுவரை இல்லை. அதற்கு முன் அந்தப் பெருமை, பெருமை என்றால் பெருமை, யாருக்கு இருந்தது தெரியுமா? 83 பந்தயங்கள் காத்திருந்து 2016-இல் திரும்பிய அதே பார்த்திவ் படேலுக்கு! ஒருவரை ஒருவர் எழுப்பிவிட்ட இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பிய பின் நடந்ததை நம் நண்பர்கள் விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டப் போவதில்லை. அந்த ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு டெஸ்டுகள், நான்கு இன்னிங்ஸ்: 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்டில் இருபது வயதுப் பந்த் வந்தார். டெஸ்டில் அவர் எடுத்த முதல் ஓட்டங்களே ஒரு ஸிக்ஸர். அந்தத் தொடர் முடியுமுன் ஓவலில் 114. தேர்வுக் குழுவினர் இதற்குமேல் என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். அறையில் பதில் இல்லை. தேநீர் ஆறுகிறது.

அப்படியானால் கார்த்திக் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அது டெஸ்டில் இல்லை. கடைசி இரண்டு ஓவர்களில் இருக்கிறது. 2018 மார்ச் 18-ஆம் தேதி, கொழும்பில் நிதஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்காளதேசம் எடுத்த 166-ஐத் தாண்ட வேண்டும். பன்னிரண்டு பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் கார்த்திக் இறங்கினார். ருபேல் ஹொசேன் வீசிய அந்த ஓவரில் மட்டும் 22. கடைசி ஓவரில் 12 தேவை. ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் ஆட்டமிழந்தார். ஓடிக் கடந்திருந்தபடியால் கடைசிப் பந்து கார்த்திக்குக்கு வாய்த்தது. ஐந்து ஓட்டங்கள் வேண்டும். சௌம்ய சர்க்கார் வீசிய பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல், தரையோடு தரையாகப் போவதுபோல் தட்டையாக, எல்லைக்கு அப்பால் அனுப்பினார். எட்டுப் பந்துகளில் 29. அந்தத் தொடருக்குத் தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள் என்பதையும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் வாஷிங்டன் சுந்தர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றிரவு தமிழ் மாணவர் விடுதிகள் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தை வைத்துத்தான் 2022-இல் ஜனக்புரியே இரண்டாகப் பிரிந்தது. ‘ஜனக்புரியே’ என்பது சற்று மிகை. எங்கள் தெருவும், பூங்காவை ஒட்டிய தேநீர்க் கடையும் என்று கொள்க. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் பெங்களூருக்காகக் கார்த்திக் 330 ஓட்டங்கள் எடுத்திருந்தார். நூறு பந்துக்கு 183 என்ற வேகம். வயதோ முப்பத்தேழு நெருங்கியது. எதிர்ப்பக்கத்தில் பந்த். அவர் ரூர்க்கியில் பிறந்தவரானாலும் ஆட்டம் கற்றது டில்லியில், தாரக் சின்ஹாவின் ஸான்னெட் கிளப்பில். பயிற்சிக்காகத் தாயாரோடு இரவுப் பஸ்ஸில் டில்லிக்கு வந்து குருத்வாராவில் தங்கிய பையன். தேநீர்க் கடையில் கூடும் பஞ்சாபி நண்பர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. “உங்கள் மதராஸிக் கிழவருக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு?” என்று ஒருவர் கேட்டார். மதுரை நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. கிழவர் என்றதற்காக அன்று. மற்றதற்காக.

இங்கேதான் விஷயம் கிரிக்கெட்டைத் தாண்டிவிடுகிறது. தலைநகரில் படிக்கும் நம்மில் பலருக்கு, வீட்டுக்காரரிடமும் வகுப்பறையிலும் சொல்ல முடியாமல் விழுங்கிய வார்த்தைகள் நிறைய உண்டு. அவ்வளவையும் ஒரு கீப்பரின் தலையில் ஏற்றி அனுப்புகிறோம். அவர் ஆறு அடித்தால் நாமே அடித்ததுபோல் நிமிர்கிறோம். அவரை உட்கார வைத்தால் நம்மையே வரிசையின் கடைசிக்குத் தள்ளியதுபோல் குமைகிறோம். நானும் அப்படித்தான். ஆனால் இந்தக் குமைச்சல் கணக்கை மறைத்துவிடக் கூடாது.

தமிழர் என்பதால் உட்கார வைத்தார்கள் என்ற வாதத்தைச் சோதிக்கப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த பரத் ரெட்டி 1979-இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டுகளிலும் கீப்பராக ஆடினார். கிர்மானியை விட்டுவிட்டு அவரைக் கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கோஷ்டியின் காப்டனும் நம்மவர்தான்: வெங்கட்ராகவன். ஓவலில் கவாஸ்கர் 221 அடித்து, 438 என்ற இலக்குக்கு ஒன்பது ஓட்டங்கள் குறைவாக நின்ற அந்தப் புகழ்பெற்ற மாலையில், கடைசிவரை களத்தில் இருந்த இருவரில் ஒருவர் பரத் ரெட்டி. ஊர் திரும்பியதும் கிர்மானி வந்துவிட்டார். ரெட்டிக்கு ஐந்தாவது டெஸ்ட் கிடைக்கவேயில்லை. காப்டன் தமிழராக இருந்தபோது கதவு திறந்தது, பிறகு மூடிற்று என்று மதுரை நண்பர் இதையும் தம் பக்கத்துக்கு இழுப்பார். ஆனால் அந்தக் கிர்மானியே 1971-லும் 1974-லும் எஞ்சினியருக்குப் பின்னால் இங்கிலாந்து முழுவதும் பெட்டி சுமந்து திரிந்தவர்; 1976 வரை ஒரு டெஸ்ட் இல்லை. பரூக் எஞ்சினியருக்கும் புதி குந்தரனுக்கும் நடந்த போட்டியோ இதைவிடக் கொடியது. 1964 ஜனவரியில் சென்னையில் எஞ்சினியர் ஆட முடியாமற் போனதால் இறங்கிய குந்தரன் 192 அடித்தார். 192! அப்படியும் எஞ்சினியரை நிரந்தரமாக அசைக்க முடியவில்லை. குந்தரன் தமிழர் அல்லர். ஒற்றை நாற்காலிக்கு ஊர் பேர் தெரியாது.

வெளிநாட்டிலும் இதே கூத்துத்தான். இங்கிலாந்தின் பாப் டெய்லர் 1971-இல் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்தது 1977 டிசம்பரில். ஆலன் நாட் என்ற மலை நடுவில் நின்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் கால்பந்து நம்முடையதுபோல் அன்று. கையால் எறிவதே அதிகம். அந்த எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவருக்கும் ஓரிடமே. ஆகையால் வெளியே உட்கார்ந்திருக்கும் குவார்ட்டர்பேக்தான் ஊரிலேயே எல்லோருக்கும் பிடித்தவர் என்று அந்நாட்டில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். 2018 ஜனவரியில் அலபாமா பல்கலைக் கழகம் தேசிய இறுதி ஆட்டத்தில் தடுமாறியபோது, ஜேலன் ஹர்ட்ஸ் என்பவரைப் பாதியில் உட்கார வைத்து, துவா டகோவைலோவா என்ற முதலாண்டு மாணவரை இறக்கினார்கள். வெற்றி. ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு வேறு பல்கலைக் கழகத்துக்குப் போகவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பொறுத்திருந்தார். அதே டிசம்பரில், அதே அட்லாண்டா மைதானத்தில், அதே ஜார்ஜியாக் கோஷ்டிக்கு எதிராக டகோவைலோவாவுக்குக் காயம். ஹர்ட்ஸ் எழுந்து போய் ஆட்டத்தை வென்று கொடுத்தார். இதை எங்கள் அறையில் சொன்னபோது ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அது மிகப் பெரிய சாதனை.

2022-க்குத் திரும்புகிறேன். ஜூன் 9-ஆம் தேதி, பழைய கோட்லாவில், அதாவது அருண் ஜேட்லி ஸ்டேடியத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இருபது ஓவர் ஆட்டம். பந்த்தான் காப்டன். அவர் 29 எடுத்து வெளியேறியபோது இறங்கியவர் கார்த்திக். அரங்கம் முழுவதும் போகிறவருக்குக் கை தட்ட, நாங்கள் நால்வரும் வருகிறவருக்குக் கத்தினோம். இரண்டு பந்து, ஓர் ஓட்டம், இன்னிங்ஸ் முடிந்தது. எட்டு நாள் கழித்து ராஜ்கோட்டில் 27 பந்துகளில் 55 அடித்தார்; முதல் இருபது ஓவர் சர்வதேச ஆட்டத்தை ஆடி, 2006-லிருந்து பதினைந்தரை ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் அரைச் சதம். உலகக் கோப்பைக்கு இருவரையும் அழைத்துப் போனார்கள். ஆஸ்திரேலியாவில் கார்த்திக் 1, 6, 7. அவரை நீக்கிப் பந்த்தைப் போட்டார்கள்: 3, 6. அரையிறுதியில் இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பியது. ஓராண்டாகத் தெருவே அடித்துக்கொண்ட இருவரும் சேர்ந்து எடுத்த ஓட்டங்கள் இருபத்து மூன்று!

சட்டமும் இரண்டாவது கீப்பரின் வாழ்வில் விளையாடுகிறது. முன்பெல்லாம் மாற்றாள் ஒருவர் பந்து தடுக்கலாமே தவிர, கீப்பராக நிற்க உரிமையில்லை; எதிர்க் காப்டன் மனமிரங்கினால் உண்டு. 1986-இல் லார்ட்ஸில் இங்கிலாந்துக் கீப்பருக்கு அடிபட்டபோது, ஓய்வு பெற்று விருந்தினர் கூடாரத்தில் இருந்த பாப் டெய்லரை, நாற்பத்தைந்து வயதில், நியூஸிலாந்துக் காப்டனின் சம்மதத்தோடு அழைத்து வந்து நிறுத்தினார்கள். 2017-இல் விதி மாறிற்று. நடுவர் இசைந்தால் மாற்றாளும் கையுறை மாட்டலாம். அதனால்தான் 2022-இல் பெர்த்தில் கார்த்திக்குக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது பந்த் வந்து நின்றார். 2025-இல் பந்த்துக்கு அடிபட்டபோது ஜுரெல் நின்றார். இது நன்மைதான். ஆனால் இன்னொரு பக்கம், பந்து அடிக்கும் ஒருவரே கையுறையும் மாட்டிக்கொண்டால் இரண்டாவது கீப்பரே தேவையில்லை. 2003 உலகக் கோப்பையில் டிராவிட் நின்றார். கூடச் சென்ற பார்த்திவ் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2020 ஜனவரியில் பந்த்தின் தலைக்கவசத்தில் பந்து பட்டதும் ராகுல் நின்றார், நின்றவர் நின்றுகொண்டேயிருந்தார்.

என் அனுபவத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று குளிர்காலம் நம் சங்கக் கோஷ்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த மூன்று வருஷமும் என்னைவிடச் சிறந்த கீப்பர் இந்தப் பல்கலைக் கழகத்தில் இல்லை என்று என் அறை நண்பர்கள் பிரசாரம் செய்தார்கள். நானும் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஆடுகிறவன் விடும் காட்சை எல்லோரும் பார்க்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறவன் விடும் காட்சை யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஒரு பனி மூட்டமான காலையில் முதல் கீப்பருக்குக் காய்ச்சல். நான் நின்றேன். மூன்றாவது ஓவரில் சுலபமான காட்ச், மார்புக்கு நேராக வந்தது. கையில் பட்டு விழுந்தது. அந்த ஆட்டக்காரர் பிறகு எழுபதோ என்னவோ அடித்தார். மாலையில் அறைக்கு வந்தபோது பிரசாரம் ஓய்ந்திருந்தது. நாகர்கோவில் நண்பர் மட்டும், “பரவாயில்லெ மக்கா, தேயிலை குடி” என்றார். முதல் கீப்பருக்கு ஜுரம் இறங்கிவிட்டதா என்று விசாரித்து வந்தவன் நான்தான். உள்ளபடியே கவலையோடு விசாரித்தேன்.

ஜகதீசன் விஷயத்தில் அறை இன்னும் இரு கட்சியாகவே இருக்கிறது. 2022 நவம்பர் 21-ஆம் தேதி, பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 506 குவித்த ஒரு நாள் பந்தயத்தில் அவர் ஒருவரே 277 அடித்தார். உள்நாட்டு, வெளிநாட்டு ஒரு நாள் பந்தயங்கள் எல்லாவற்றிலும் அதுவரை ஒருவரும் அவ்வளவு எடுத்ததில்லை. எதிராளி யார் என்று கேட்கிறார் டில்லி நண்பர். எதிராளி யாராயிருந்தால் என்ன, பந்து பந்துதானே என்கிறார் மதுரை நண்பர். டில்லி நண்பர் இந்திக்கு மாறிவிட்டார். நான் தேநீர் வைக்க எழுந்தேன்.